பொய்முடியும் பொய்யாமையும்

பொய்க்கால் குதிரை ஆடுபவனைப் பார்த்து, நம்மை ஏமாற்றிவிட்டான் என்று எவரும் வழக்குரைத்ததில்லை. பொய்ப்பல் கட்டிக்கொண்ட முதியவரைப் பொய்யர் என்று யாரும் ஏசுவதுமில்லை. நம் மொழி இப்பொருள்களின் பெயரிலேயே பொய்யை வெளிப்படையாகச் சேர்த்து வைத்து, அதனாலேயே அவற்றைக் குற்றத்தினின்று விடுவித்துவிட்டது போலும். ஆயினும், பொய்முடியிடம் மட்டும் நாம் அத்துணைப் பெருந்தன்மையாக நடந்துகொள்வதில்லை. முடியிழந்த பெண்ணொருத்தி வேறு முடி அணிந்து வெளியே வந்தால், 'எதை மறைக்கிறாள்?' என்ற வினா நம் நாவில் எழாவிடினும் கண்ணில் எழுந்துவிடுகிறது.

இவ்வினாவைப் பற்றி நெடுநேரம் எண்ண வைத்தது அண்மையில் நாம் கண்ட ஒரு திரைப்படம். 2013ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. மார்க் ரோட்டெமுண்ட் என்பவர் இயக்கியது. 'ஹொய்ட்டே பின் இஷ் ப்ளோண்ட்' என்பது அதன் பெயர். 'இன்று நான் பொன்னிறக் கூந்தலாள்' என்று அதற்குப் பொருள் கூறலாம். ஆம்ஸ்டர்டாம் நகரைச் சேர்ந்த சோஃபி வான் டெர் ஸ்டாப் என்னும் பெண், தாம் புற்றுநோயுற்றிருந்த காலத்தைப் பற்றி 2006இல் டச்சு மொழியில் எழுதிய தன்வரலாற்று நூலைத் தழுவியது. 'ஒன்பது பொய்முடிகள் உடைய பெண்' என்பது அந்நூலின் தலைப்பு. பேத்தி கணினியில் போட்டுக் காட்ட, திரையின் கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளின் துணையால் படத்தைக் கண்டோம்.

நோய் கண்டறியப்பட்ட 2005இல் சோஃபிக்கு வயது 21. அரசியல் அறிவியல் பயின்றுகொண்டிருந்தார். அவருக்கு வந்தது ராப்டோமயோசார்கோமா என்னும் அரிய புற்றுநோய். தசையாக வளரும் இயல்புடைய உயிரணுக்களில் தோன்றும் இந்நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. ஓராண்டுக்கு மேலாக அவருக்கு மருத்துவம் நடந்தது. இந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகளுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் வீட்டு வாசலில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவதாகும். நாள்தோறும் அச்செடிக்கு நீர் ஊற்றுவோருள் எத்தனை பேர் இதனை அறிவர்? இத்தகைய மருந்துகள் விரைந்து பிளந்து பெருகும் அணுக்களைத் தாக்கி அழிப்பவை. இது புற்றணு, இது மயிர்க்காலின் அணு என்ற வேறுபாடு அவற்றுக்குத் தெரியாது. தலையிலுள்ள மயிர்க்கால்களில் நூற்றுக்குத் தொண்ணூறளவு எந்நேரமும் வளர்ச்சிப் பருவத்தில் இருப்பவை. ஆகவே மருந்து தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கிவிடுகிறது. ஊரார் கண்ணுக்கு முதலில் புலப்படுவது பெரும்பாலும் நோய் அன்று, மருந்தின் வேலையே. அதனைக் கண்டுதான் 'அந்த நோய்' என்று குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்குகின்றனர்.

சோஃபி முதலில் ஒரு பொய்முடி வாங்கினார். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார். ஸ்டெல்லா, சூ, டெய்சி, பிளாண்டி, பிளாட்டினா, ஊமா, பாம், லிடியா, பேபே. ஒன்றை அணிந்தால் அடக்கம். மற்றொன்றை அணிந்தால் துடுக்கு. முடி மாறியபோதெல்லாம் தம் நடையும் பேச்சும் மாறக் கண்டார். எதிரே வருவோர் தம்மை நோக்கும் நோக்கும் மாறக் கண்டார். மருத்துவமனைக்கு ஒருத்தி, விருந்துக்கு ஒருத்தி என்று ஆண்டு முழுவதும் ஒரே உடம்பில் பலராக வாழ்ந்தார். (இதனைக் கேட்டவுடன் பொருள் ஒன்று, பரியாயம் பல என்று பலகையில் எழுதி விளக்கப் புறப்படும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். அப்பெண் தத்துவம் ஆராயவில்லை. அன்றைய பொழுதைக் கழிக்க வழி தேடினார்.)

இனி, வினாவுக்கு வருவோம். நோயை மறைத்து நலமுடையவள் போல் தோன்றுதல் பொய்யொழுக்கம் ஆகுமா?

ஆகும் என்று கூறத்தக்க கடுமையான அறிஞர்கள் உளர். ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரன் ஒருவன் நம் வீட்டில் ஒளிந்துள்ள நண்பனைத் தேடி வந்து கேட்டாலும் பொய் கூறும் உரிமை நமக்கில்லை என்று வாதிட்டார். வாய்மை என்பது கேட்பவனின் தகுதியைப் பார்த்து அளக்கும் பொருளன்று என்பது அவர் கொள்கை. நம் நூல்கள் வேறு வழியே செல்கின்றன. இல்லறத்தார்க்குரிய பொய்யாமை விரதத்தைச் சமந்தபத்திரர் வகுத்துரைக்குமிடத்து, பெரும்பொய் கூறாமையையும் பிறரைக் கூறச் செய்யாமையையும் சொன்னதோடு நில்லாமல், பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் மெய்யையும் கூறாதிருத்தல் வேண்டும் என்று சேர்த்தார். வள்ளுவரும் வாய்மையைத் தீமையின்மை என்னும் கோல் கொண்டே அளந்தார். இக்கோல் கொண்டு பார்க்கையில், பொய்முடியால் கெட்டவர் எவர்? தெருவில் எதிரே வந்தவர்க்கோ, விருந்தில் அருகே அமர்ந்தவர்க்கோ அதனால் ஓர் இழப்பும் இல்லை. பிறர் உடம்பின் நிலையை அறியும் உரிமை வழிப்போக்கர்க்கு எவரும் அளித்ததில்லை.

ஆசிரியப் பயிற்சியின்போது நமக்கு உளவியல் கற்பித்த அம்மையார் ஒருவர், பொய் கூறிய பிள்ளையை அதட்டுமுன் 'இது எதற்கு அஞ்சிற்று?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்பார். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதனைப் பின்பற்றுதல் எளிதன்று. ஆயினும் பயனுள்ள வினா. சோஃபி எதற்கு அஞ்சினார்? சாவுக்கு அஞ்சினார், அதில் ஐயமில்லை. ஆனால் பொய்முடி சாவை ஏமாற்றாது. அவர் அஞ்சியது 'ஐயோ பாவம்' என்னும் பார்வைக்கு. அப்பார்வை பட்ட நொடியே மாணவி மறைந்து, மகள் மறைந்து, தோழி மறைந்து நோயாளி ஒருத்தி மட்டும் எஞ்சுகிறாள். இரக்கம் நற்குணம்தான். எனினும், கேளாமல் ஊற்றும் இரக்கம் ஒருவரை நனைத்துக் குளிரவும் வைக்கும் என்பதை நோயுற்றுத் தேறியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம்.

இங்கே நம்மவர் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். நம் துறவியர் தம் கையாலேயே தலைமயிரைப் பறித்து நீக்கும் நோன்புடையவர். அம்மரபில் வந்தோர் உதிர்ந்த முடிக்கு வருந்தி ஒன்பது முடி வாங்கியவளைப் புகழ்தல் தகுமோ என்பது அத்தடை. தகும் என்பதே நம் துணிபு. தானே துறந்தது வேறு, தன்னிடமிருந்து பறிபோனது வேறு. துறவியின் கை தன் விருப்பத்தால் உயர்கிறது. 21 வயதுப் பெண்ணின் கூந்தலை மருந்து கேளாமல் கொண்டுபோயிற்று. பறிகொடுத்தவரிடம் சென்று, 'முடிதானே, மீண்டும் வளரும். பற்று விடு' என்று போதிப்பது, களவு கொடுத்தவனுக்கு ஈகையின் பெருமையை விரித்துரைப்பது போன்றது. பற்றின்மை தனக்குத் தானே கூறிக்கொள்ளத்தக்க அறம். படுக்கையில் கிடக்கும் பிறர்க்கு அதனை எடுத்துரைக்கும் உரிமை, உடல்நலத்தோடு நிற்கும் நமக்கு உண்டா என்பது ஐயமே.

திரைப்படத்தைப் பற்றியும் சில கூற வேண்டும். நூலில் பொய்முடியை அதன் உட்புறத்திலிருந்து காண்கிறோம். 'நான்' என்று ஒருத்தி பேசுகிறாள். அம்முடிக்கு அடியில் உள்ள வெறுந்தலையை ஒவ்வொரு வரியிலும் நாம் மறவாதிருக்கிறோம். படத்தில் அதே முடியை வெளிப்புறத்திலிருந்து காண்கிறோம். 'நான்' போய் 'அவள்' வந்துவிடுகிறாள். சோஃபியாக நடித்த லிசா தொமஷெவ்ஸ்கி மாடலாகவும் விளங்கியவர். எந்த முடியை அணிந்தாலும் அழகாகவே இருக்கிறார். ஆதலால், கண்ணாடி முன் நின்று 'இது நான்தானா?' என்று கலங்கும் கலக்கம் படத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. படம் முழுவதும் ஒளியும் நிறமும் சற்று மிகுதி. மருந்தேறும் நெடும்பொழுதுகள், ஒன்றும் நிகழாத அந்த வெறும் பிற்பகல்கள், திரையில் விரைந்து கடந்துவிடுகின்றன. நோயின் பெரும்பகுதி காத்திருத்தலே என்பதைத் திரைப்படத்தால் காட்ட இயலாது போலும். காட்டினால் பார்ப்போர் எழுந்து போய்விடுவர்.

ஒன்றில் மட்டும் படம் நூலை விஞ்சுகிறது. தன்வரலாறு எழுதுபவர் தம்மை நோக்கும் முகங்களைத் தம் கண்கொண்டு மட்டுமே காட்ட முடியும். திரையிலோ, அவர் திரும்பிக்கொண்ட பின்னரும் அம்முகங்கள் நமக்குத் தெரிகின்றன. பெற்றோர் முகத்தில் சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது வழிகிறது என்பதைப் பார்க்கிறோம். நடிப்பு மேடையிலுள்ள பெண்ணுடையது மட்டுமன்று, சுற்றி நிற்போருடையதுமாம் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

இவ்வியக்குநர் இதற்கு முன்னரும் ஒரு சோஃபியின் கதையைப் படமாக்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2005இல் வெளிவந்த அப்படம் சோஃபி ஷோலின் இறுதி நாள்களைப் பற்றியது. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பியதற்காக 1943 பிப்ரவரி 18ஆம் நாள் மியூனிக் பல்கலைக்கழகத்தில் தமையனோடு கைதாகி, நான்கே நாளில், 22ஆம் நாள், தலை வெட்டப்பட்ட மாணவி அவர். அவருக்கும் வயது 21. விசாரணை அதிகாரி கேட்டபோது முதலில் ஒன்றும் அறியேன் என்றே மறுத்தார். சான்றுகள் வெளிப்பட்டு, மறுப்பதால் இனிப் பயனில்லை என்றானபோது, ஆம், யாமே செய்தோம் என்று ஒப்புக்கொண்டு, நண்பர்கள் பெயர் வெளிப்படாதவாறு பழியைத் தம்மீது ஏற்க முயன்றார். கான்ட் அவருடைய முதல் மறுப்பைக் குறை கூறியிருப்பார். நாம் கூற மாட்டோம். கொடுமை செய்வோனுக்கு அவர் மறைத்தார். தம் மனத்துக்கு ஒருபோதும் மறைக்கவில்லை.

இவ்வேறுபாடே நாம் கூற வந்தது. ஆம்ஸ்டர்டாம் சோஃபியும் தெருவுக்கு மறைத்தார், தமக்கு மறைக்கவில்லை. நோயின் பெயரை அறிந்திருந்தார். எத்தனை வாரம் மருந்து, தேறும் வாய்ப்பு எவ்வளவு என்பனவற்றை அறிந்திருந்தார். அறிந்தமையால்தான் பொய்முடிகளோடு விளையாட முடிந்தது. நோயின் பெயர் சொல்லப்படாதிருந்தால் அந்த ஒன்பது முடிகளும் விளையாட்டாயிரா, திகிலாகவே இருந்திருக்கும்; தலையில் ஏன் முடியில்லை என்பதே விளங்காத நிலையில் எவர்தாம் சிரிப்பர்? அந்நாட்டில் 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, தன் நோயைப் பற்றித் தெளிவாக அறியும் உரிமையை நோயாளிக்கே அளித்துள்ளது. கூறினால் நோயாளிக்கே பெருந்தீங்கு விளையும் என்று மருத்துவர் கருதினால், மற்றொரு மருத்துவரைக் கலந்த பின்னரே மறைக்கலாம். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நோயாளி விரும்பினால் அவ்விருப்பத்துக்கும் அதில் இடமுண்டு.

மேலைநாட்டார் எக்காலத்தும் இவ்வாறிருந்தனர் என்று எண்ண வேண்டா. அமெரிக்க மருத்துவரிடையே 1961இல் வெளியான ஆய்வொன்றில், புற்றுநோய் என்று நோயாளியிடம் கூறாதிருப்பதையே விரும்புவதாக நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடையளித்தனர். அதே வினாக்களை மீண்டும் கேட்டு 1979இல் வெளியிட்டபோது, கூறுவதையே விரும்புவதாக நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் விடையளித்தனர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் மனச்சான்றே இடம் மாறியது. மருந்துகள் மேம்பட்டதும், நோயாளி தன் உடம்புக்குத் தானே உரியவர் என்ற எண்ணம் வலுப்பட்டதும் காரணங்கள் என்பர்.

நம் வீடுகளில் நடப்பது பல நேரங்களில் இதற்கு நேர்மாறானது. ஊருக்கெல்லாம் தெரியும், உற்றார்க்குத் தெரியும், பக்கத்து வீட்டார்க்கும் தெரியும், படுத்திருப்பவர்க்கு மட்டும் தெரியாது, அல்லது தெரியாதென்று மற்றவர்கள் நம்புகின்றனர். நம்முடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர்க்குக் குடும்பத்தார் 'வயிற்றில் ஆறாத புண்' என்று கூறியிருந்தனர். நலம் காணச் சென்ற நம்மையும் வாசலிலேயே நிறுத்தி எச்சரித்தனர். உள்ளே சென்று அமர்ந்தோம். மருமகள் காபி எடுத்துவரச் சென்ற இடைவேளையில் அவர் மெல்லக் கூறினார்: "அக்கா, கதிர் வைக்கும் அறை வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். முப்பது வருஷம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளுக்கு அதைப் படிக்கத் தெரியாதா? எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் இவர் உடைந்துபோவார். அதனால் தெரியாதவள் போலவே இருக்கிறேன்." இளைய மகளின் திருமணம் பற்றியும், கட்டிவந்த சீட்டுப் பணம் பற்றியும், பள்ளியிலிருந்து வரவேண்டிய தொகை பற்றியும் அவர்க்குக் கணவரிடம் பேச வேண்டியிருந்தது. தொடங்கும்போதெல்லாம், "அதையெல்லாம் எழுந்து நடமாடியபின் நீயே பார்த்துக்கொள்வாய்" என்று வாயை அடைத்துவிட்டனராம். கணவரும் மனைவியும் ஒருவர்க்காக ஒருவர் நடித்துக்கொண்டிருந்தனர். அந்நடிப்பின் களைப்பு மட்டும் இருவர் முகத்திலும் மெய்யாகத் தெரிந்தது. ஏழு வாரம் கழித்து அவர் மறைந்தார்.

கேடு விளைக்கும் மெய்யைக் கூறாதே என்று நம் நூல் விட்டுவைத்த இடம் இதற்காகவா? அவ்விலக்கைக் காட்டித் தம்மைக் காத்துக்கொள்வோர் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். மறைப்பதனால் காக்கப்படுபவர் யார்? படுத்திருப்பவரா, அவர் அழுவதைக் காண அஞ்சும் நாமா? பெரும்பாலும் இரண்டாவதே விடை என்று நாம் ஐயுறுகிறோம். உறவு நெருங்க நெருங்க வாய்மைக் கடன் பெருகும். வழிப்போக்கர்க்கு நாம் பட்ட கடன் சிறிது, வாழ்க்கைத் துணைக்குப் பட்டது பெரிது. ஆனால் நம் வழக்கில் இக்கணக்குத் தலைகீழாகிறது. அதிலும், அறிந்து, அனைவரிடமும் பொறுத்தருள வேண்டி, விடைபெற்று இறுதியை எதிர்கொள்ளுதலைப் பேறாகப் போற்றும் மரபில் வந்த நாம், ஒருவரை அறியாமையிலேயே வழியனுப்பி வைத்தல் எங்ஙனம் பொருந்தும்? தன் நாள்கள் எத்துணை என்பதைத் தோராயமாகவேனும் அறியாதவர் எதற்கு ஆயத்தம் ஆவார்?

எல்லார்க்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அறிய விரும்பாதவரும் உண்டு. பாதி அறிந்து மீதியைத் தள்ளிவைப்பவரும் உண்டு. எழுபதைக் கடந்த நாம் எவ்வகை என்று இப்போதே உறுதி கூறல் அரிது. ஆனால், 'உங்கள் உடம்பைப் பற்றி மருத்துவர் சொன்னதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?' என்ற ஒரு வினாவைக் கேட்பதற்கு எந்த நூலும் தடை விதிக்கவில்லை. அவ்வினாவைக் கேளாமலேயே விடையை முடிவு செய்துவிடுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

இப்படத்தை நோயுற்றிருக்கும் உறவினர் ஒருவர்க்குக் காட்டலாமா என்று பேத்தி வினவினாள். சோஃபி பிழைத்தார், பிழைத்தமையால் எழுதினார், எழுதியமையால் படமாயிற்று. பிழையாதவர்கள் பலருடைய கதைக்கு நூலுமில்லை, படமுமில்லை. ஒருவர்க்கு ஊக்கம் தரும் அதே காட்சி, 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று மற்றொருவரைத் தைக்கவும் கூடும். இதற்கு நம்மிடம் பொதுவிடை இல்லை. பார்க்கிறீர்களா என்று அவரையே கேள் என்று கூறினோம். கேட்டாள். முடி உதிர்வதைக் காட்டும் காட்சி உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். உண்டு என்றதும், அடுத்த வாரம் பார்க்கிறேன், இப்போது வேண்டாம் என்றாராம்.